ஆடுகளிற் காணப்படும் பின்கால் வாதம்

நெற்செய்கையையும் தோட்டச் செய்கையையும் மேற்கொள்ளும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பசுவும் இரண்டு மூன்று ஆடுகளும் வளர்க்கப்படுகின்றன. வேலிக் குழையையும் வரப்புப் புல்லையும் உண்டு வளரும் ஆடு, வீட்டிற்குப் பாலையும் தோட்டத்திற்கு எருவையும் தருவதோடு, விதைநெல் வாங்கவோ பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கவோ பணம் தேவைப்படும் வேளையில் விற்கக்கூடிய சேமிப்பாகவும் இருக்கின்றது. முதல் நாள் மாலை நன்றாக மேய்ந்து வந்த இத்தகைய ஆடு, மறுநாட் காலை பின்கால்களை ஊன்ற மாட்டாது கொட்டிலிற் கிடப்பதைக் கமக்காரர் சிலர் கண்டிருப்பர். உடலிற் காய்ச்சல் இல்லை, கண் தெளிவாயிருக்கின்றது, குழையை நீட்டினால் உண்கின்றது, ஆயினும் எழுந்து நிற்க முடிவதில்லை.

யாரோ இடுப்பில் அடித்துவிட்டார் என்றும், வாய்க்காலில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தது என்றும், நச்சுப்புல்லை உண்டது என்றும், கண்ணூறு பட்டது என்றும் இதற்குப் பலவாறு காரணம் கூறப்படும். இவற்றுள் அடிபடுதலும் நச்சுத்தன்மையும் சிற்சில வேளைகளில் உண்மையாகவே நிகழக்கூடியவை. ஆயினும் நுளம்பு மிகுந்த காலத்தில், மாடுகளுக்கு அருகே கட்டப்பட்ட ஆடு திடீரெனப் பின்கால் வலுவிழந்தால், முதலில் ஐயுற வேண்டியது வேறொன்றாகும். பக்கத்தில் நிற்கும் நலமான மாட்டின் உடலில் வாழும் நூல் போன்ற ஒரு புழுவின் இளங் குடம்பி, நுளம்பின் வழியாக ஆட்டின் உடலுட் புகுந்து, அதன் முண்ணாணைச் சிதைப்பதே அக்காரணம். இந்நோய் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்த கமக்காரர், அதைப் பெரும்பாலும் தடுத்துக்கொள்ளலாம். அறியாதவரோ, மருந்து பயன்தரக்கூடிய முதற் சில நாட்களை வீணே கழித்துவிடுவர்.

நோய் அறியப்பட்ட வரலாறு

இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளிற் குதிரைகளுக்கு இடுப்பு வலுவிழக்கும் நோயொன்று வருவதை முற்காலத்திலேயே மிருக வைத்தியர்கள் கண்டிருந்தனர். இடுப்பைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து அந்நோய்க்குக் ‘கும்ரி’ என்னும் பெயர் வழங்கிற்று. அதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. குளிர், ஈரம், தீனி என ஒவ்வொருவர் ஒவ்வொன்றைக் கூறினர். யப்பானில் ஆடுகளுக்கும் செம்மறிகளுக்கும் இதையொத்த இடுப்பு வாதம் பரவியபொழுது, இறந்த விலங்குகளின் மூளையையும் முண்ணாணையும் மெல்லிய துண்டுகளாக வெட்டி நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். அவற்றுட் புழுக் குடம்பிகள் ஊர்ந்து சென்ற தடங்கள் காணப்பட்டன.

1952ஆம் ஆண்டில் இன்னெஸ், சோஹோ, பெருமாள் பிள்ளை ஆகிய மூவரும் இந்நோயைப்பற்றி விரிவான கட்டுரையொன்றைப் பிரித்தானிய மிருக வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். 1955ஆம் ஆண்டில் இன்னெசும் பெருமாள் பிள்ளையும் எழுதிய மற்றொரு கட்டுரை, இலங்கைக் குதிரைகளின் கும்ரி நோய்க்கும் இப்புழுவிற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிற்று. ஆகவே இந்நோயின் காரணத்தை உலகம் அறிந்துகொண்டதில் இந்நாட்டு விலங்குகளைப்பற்றிய ஆராய்ச்சிக்கும் பங்குண்டு.

மாட்டில் வாழும் புழு

இப்புழுவின் பெயர் செற்றாரியா டிஜிற்றாற்றா என்பதாம். வெண்ணிறமானது, தையல் நூல் போன்றது, ஏறக்குறைய 4 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை நீளமுடையது. பெண் புழு ஆணிலும் நீளமானது. மாடும் எருமையும் இதன் இயல்பான உறைவிடங்களாகும். இது குடலினுள் வாழ்வதன்று. குடலுக்கு வெளியே, வயிற்றறையில் உலாவி வாழ்வது. இறைச்சிக்காக மாடு வெட்டுவோர் வயிற்றைத் திறக்கும்பொழுது குடலின் மேல் இவ்வெண்ணூல்கள் நெளிவதைப் பலமுறை கண்டிருப்பர்.

மாட்டிற்கு இப்புழுவினாற் பெருந்தீங்கு எதுவும் நேர்வதில்லை. உடல் மெலிவதில்லை, பால் குறைவதில்லை, உழைப்புத் தளர்வதில்லை. எனவே இப்புழுவைத் தாங்கிய மாட்டைப் புறத்தோற்றத்தால் இனங்காண இயலாது. புழு குடலுக்கு வெளியே இருப்பதனாற் சாணத்தைச் சோதித்தும் அறிய முடியாது. பெண் புழு, கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய குடம்பிகளை ஈனுகின்றது. அவை மாட்டின் குருதியிற் கலந்து சுற்றித் திரிகின்றன.

நுளம்பின் பங்கு

மாட்டின் குருதியில் உள்ள நுண்குடம்பிகள் தாமாக வேறொரு விலங்கைச் சென்றடைய மாட்டா. மாட்டைக் கடிக்கும் நுளம்பு குருதியுடன் அவற்றையும் உறிஞ்சிக்கொள்கின்றது. நுளம்பின் உடலில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் தங்கி வளர்ந்த பின்னரே அவை நோயேற்றும் நிலையை அடைகின்றன. பின்பு அந்நுளம்பு வேறொரு விலங்கைக் கடிக்கும்பொழுது, வளர்ந்த குடம்பிகள் அதன் உடலுட் புகுகின்றன. ஒரே இன நுளம்புதான் இதைச் செய்கின்றது என்பதில்லை. நெல்வயலிலும் வாய்க்காலிலும் பெருகும் நுளம்புகளும், அழுக்கு நீர்க் குழிகளிலும் சிரட்டைகளிலும் பெருகும் நுளம்புகளும் இவ்வேலையைச் செய்யவல்லன.

கடிபட்டது மற்றொரு மாடாயின், குடம்பிகள் அதன் வயிற்றறையை அடைந்து, மாதங்கள் பல சென்றபின் நிறைவுடலிப் புழுக்களாகின்றன. கடிபட்டது ஆடாயினும் செம்மறியாயினும் குதிரையாயினும் நிலைமை மாறுகின்றது.

ஆட்டின் உடலில் நிகழ்வது

ஆடு இப்புழுவின் இயல்பான உறைவிடம் அன்று. அதன் உடலுட் புகுந்த குடம்பி சேரவேண்டிய இடம் அறியாது அலைகின்றது. அவ்வாறு அலையும் குடம்பிகளுள் ஒன்று முண்ணாணையோ மூளையையோ அடைந்துவிட்டால், அம்மென்மையான பகுதியைத் துளைத்துச் செல்கின்றது. சென்ற வழியெங்கும் நரம்பு இழைகள் அறுபடுகின்றன. சுற்றிலும் அழற்சி உண்டாகின்றது. இதற்குப் புழுக்கள் பல வேண்டியதில்லை, ஒன்றே போதும்.

மூளையிலிருந்து கால்களுக்குச் செல்லும் கட்டளையெல்லாம் முண்ணாணின் வழியாகவே செல்கின்றன. குளத்திலிருந்து கீழ்வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்காலுக்கு இதனை ஒப்பிடலாம். குளத்தில் நீர் நிறைந்திருப்பினும், கீழ்வயலின் மண் வளமாயிருப்பினும், இடையில் நண்டு வளை தோண்டி வாய்க்கால் உடைந்தால் கீழ்வயலுக்கு நீர் பாயாது. அவ்வாறே ஆட்டின் மூளையும் நலமாயிருக்கும். காலின் எலும்பும் தசையும் நலமாயிருக்கும். இடையிலுள்ள வழி அறுந்தமையாற் கால் இயங்காது. இடுப்பளவில் உடைப்பு ஏற்படின் பின்கால்கள் மாத்திரம் வலுவிழக்கும். கழுத்தளவில் ஏற்படின் நாற்காலும் வலுவிழக்கலாம். முண்ணாணின் ஒருபுறம் மாத்திரம் சிதைந்தால் ஒரு கால் மற்றதிலும் கூடுதலாகத் தளரும். மூளையிற் புகுந்தால் தலை சாய்தல், சுற்றிச் சுற்றி நடத்தல் முதலியன தோன்றும்.

மருந்தின் ஆற்றலுக்கு எல்லையுண்டு என்பதையும் இவ்வொப்புமை காட்டுகின்றது. நண்டைக் கொன்றால் மேலும் உடைப்பு ஏற்படாது. ஆனால் ஏற்பட்ட உடைப்புத் தானே அடைபடாது. மருந்து புழுவைக் கொல்லும். அறுந்த நரம்பு இழைகளை மீண்டும் பொருத்தாது. சிகிச்சையை முந்தித் தொடங்குதல் இன்றியமையாதது என்பதன் காரணம் இதுவே.

மழையும் நோயும்

மழை தொடங்கியவுடன் இந்நோய் தோன்றுவதில்லை. முதலில் நீர் தேங்கி நுளம்பு பெருக வேண்டும். பின்பு குடம்பி நுளம்பின் உடலில் இரண்டு வாரமளவில் வளர வேண்டும். அதன்பின் ஆட்டின் உடலிற் சில வாரங்கள் அலைய வேண்டும். ஆகவே மழை தொடங்கிச் சில வாரங்கள் சென்ற பின்னரே நோயை எதிர்பார்த்தல் வேண்டும். வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகம் செய்யும் வரண்ட வலயப் பகுதிகளில், வயல் பச்சைப் பசேலென்று நிற்கும் காலமும் இக்காலமும் ஒன்றாகவே அமைகின்றன. புதுப்புல்லை உண்டதனால் ஆடு விழுந்தது என்னும் எண்ணம் இதனால் எழுந்திருக்கலாம். புல்லும் நுளம்பும் ஒரே மழையாற் பெருகுகின்றன. தீங்கு செய்வது நுளம்பேயன்றிப் புல்லன்று.

நோயின் அறிகுறிகள்

1. ஆடு நடக்கும்பொழுது பின்பகுதி பக்கத்துக்குப் பக்கம் ஆடும். திரும்பும்பொழுது தடுமாறும்.

2. பின்காற் குளம்பின் முன்பகுதி நிலத்தில் உராயும். குளம்பு மடங்கி, அதன் மேற்புறம் நிலத்திற் படும்.

3. எழ முயலும்பொழுது முன்கால்களை ஊன்றி, நாய் குந்தியிருப்பது போல் இருக்கும்.

4. நோய் முற்றினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். உதவியின்றி எழ மாட்டாது.

5. சில ஆடுகளில் தலை ஒரு புறம் சாய்ந்திருக்கும். ஒரு கண்ணிமையோ காதோ தொங்கும்.

6. காய்ச்சல் பெரும்பாலும் இராது. பசியும் தெளிவும் பல ஆடுகளில் முன்போலவே இருக்கும்.

இவை சில ஆடுகளில் ஓரிரவில் தோன்றும். சிலவற்றிற் சில நாட்களிற் படிப்படியாக மிகும். மந்தையில் எல்லா ஆடுகளும் ஒருங்கே விழுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகவே விழும். குதிரையிலும், சில வேளைகளில் மாட்டிலும், இவ்வினத்தைச் சேர்ந்த குடம்பி கண்ணின் முன்னறையிற் புகுந்து, வெண்ணூல் போல் நெளிவதும் உண்டு.

இதனையொத்த பிற நோய்கள்

கால் தளர்ந்த ஆடு எல்லாவற்றிற்கும் இந்நோயே என்று முடிவு செய்தல் ஆகாது. பழுதடைந்த தீனியால் வரக்கூடிய மூளை அழற்சி நோயொன்றில் ஆடு சுற்றிச் சுற்றி நடக்கும்; அதிற் காய்ச்சலும் சோர்வும் காணப்படும். ஏற்பு வலியில் உடல் விறைத்து, வாய் பூட்டிக்கொள்ளும். உணவிற் செம்புச் சத்துக் குறைந்த தாயாடுகள் ஈன்ற குட்டிகள் சில, பின்கால் தளர்ந்தே பிறக்கும். குடற்புழு மிகுந்த ஆடு குருதி குறைந்து மெலிந்து விழும். அதன் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கும்.

உலகின் பல நாடுகளில் நாயின் நாடாப்புழு ஒன்றும் மேய்ச்சல் விலங்குகளின் மூளையைத் தாக்குகின்றது. நாயின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் புல்லிற் கலந்து ஆட்டின் உடலுட் செல்ல, மூளையில் நீர்க்கட்டி உண்டாகின்றது. அந்நோயில் ஆடு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நலிந்து, ஒரே திசையிற் சுற்றும். வெட்டிய ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்கு இடாதிருத்தல் அதனைத் தடுக்கும் வழியாகும்.

இவையெல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது நீர்வெறுப்பு நோயாகும். விசர்நாய் கடித்த ஆட்டிற்கும் மாட்டிற்கும் பின்கால் தளரக்கூடும். குணம் மாறுதல், ஓயாது கத்துதல், உமிழ்நீர் வடிதல், விழுங்க முடியாமை ஆகியவற்றுள் எது காணப்படினும், அல்லது நாய் கடித்ததாகத் தெரிய வரினும், அவ்விலங்கின் வாயினுட் கை விடுதல் கூடாது. மருந்து புகட்ட முயலுதலும் கூடாது. அதனைத் தனியே கட்டிவைத்து, உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அதன் உமிழ்நீர் பட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை

பின்கால் தடுமாறுவதைக் கண்ட அன்றே அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். தடுமாற்றம் எந்நாளில் தொடங்கியது, காய்ச்சல் இருந்ததா, அண்மையில் மாடுகள் கட்டப்பட்டிருந்தனவா, நாய் கடித்ததா என்பவற்றைத் தெளிவாகக் கூறுதல் நோயை இனங்காண உதவும். இந்நோயுற்ற ஆட்டின் குருதியில் நுண்குடம்பிகள் பெரும்பாலும் காணப்படா. ஆகவே வைத்தியர் அறிகுறிகளையும் சூழ்நிலையையும் கொண்டே தீர்மானிக்க வேண்டியவராயிருக்கின்றார்.

டையெதில்காபமசீன், ஐவமெக்ரின் ஆகிய மருந்துகளும், அழற்சியைத் தணிக்கும் மருந்துகளும் இந்நோய்க்குப் பயன்படுத்தப்படுகின்றன. எதை, எவ்வளவு, எத்தனை நாட்களுக்குக் கொடுப்பது என்பதையும், மருந்து கொடுத்தபின் எத்தனை நாட்களுக்குப் பாலைத் தவிர்ப்பது என்பதையும் மிருக வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். கடையில் வாங்கிய குடற்புழு மருந்தை ஒருமுறை புகட்டிவிட்டு, குணமாகும் என்று காத்திருத்தல் காலத்தை வீணாக்குவதாகும். இடுப்பிற் சூடு போடுதல் நோயுற்ற விலங்கிற்கு மேலும் துன்பம் தருமேயன்றிப் பயன் தராது. தடுமாறும் ஆட்டை வலிந்து நடத்துதலும் அத்தகையதே.

மருந்துடன் பராமரிப்பும் வேண்டும். கிடக்கும் ஆட்டை நிழலில், உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி அதன்மேற் கிடத்துதல் வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் புண்ணாகி ஈ மொய்க்கும், வயிறும் ஊதும். ஆகவே சில மணித்தியாலத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றி, வைக்கோல் திணித்த சாக்குகளை இருபுறமும் அணைத்து, நெஞ்சில் நிமிர்ந்திருக்கச் செய்தல் வேண்டும். நீரும் குழையும் வாய்க்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். நாள்தோறும் சில முறை தூக்கி நிறுத்திக் கால்களைத் தேய்த்துவிடுதல் நன்று. தடுமாற்ற நிலையிலேயே சிகிச்சை பெற்ற ஆடுகளிற் சில நன்கு தேறும். சில சற்று நொண்டியபடி வாழும். பல நாட்கள் எழாது கிடந்து புண்ணும் மெலிவும் கண்ட ஆடு தேறுதல் அரிது. அந்நிலையில் அதனை வீணே வருந்தவிடாது, வைத்தியரின் ஆலோசனைப்படி முடிவு செய்தலே தக்கது.

ஆடு இறந்துவிடின், வைத்தியருக்கு அறிவித்தபின்பே புதைத்தல் வேண்டும். மூளையையும் முண்ணாணையும் ஆய்வுகூடத்திற் சோதித்தாலன்றி நோயை ஐயமற உறுதி செய்ய முடியாது. அவ்வுறுதி எஞ்சிய ஆடுகளைக் காக்க உதவும்.

தடுக்கும் முறைகள்

மாடு, நுளம்பு, ஆடு என்னும் மூன்றும் ஒருங்கே சேரும் இடத்திலேயே இந்நோய் உண்டாகின்றது. இவற்றுள் மாட்டை விலக்குதல் கமக்காரருக்கு இயலாது, அது தேவையுமன்று. ஆகவே நுளம்பு மாட்டிலிருந்து ஆட்டை அடையும் வழியை அடைத்தலே செய்யத்தக்கது.

இரவில் ஆட்டையும் மாட்டையும் ஒரே கொட்டிலிற் கட்டலாகாது. வளவு இடங்கொடுக்கும் அளவிற்கு ஆட்டுக்கொட்டில் மாட்டுக்கொட்டிலுக்கு எட்டவே அமைதல் வேண்டும். நுளம்பு நெடுந்தூரம் பறக்க வல்லதாதலின், தூரம் மாத்திரம் போதாது. ஆட்டுக்கொட்டிலை நிலத்திலிருந்து உயர்த்திச் சட்டத் தளமிட்டு, சுற்றிலும் நுளம்பு வலையோ நெருக்கமான கம்பி வலையோ அடித்தல் மிகச் சிறந்த பாதுகாப்பாகும். இரண்டு மூன்று ஆடுகள் உள்ள வீட்டில் இது பெருஞ்செலவன்று. ஓர் ஆட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

வலை அடிக்க இயலாதவர், பொழுது சாயுமுன் ஆடுகளைக் கொட்டிலிற் சேர்த்து, வேப்பிலை, நொச்சியிலை, தேங்காய்ப் பொச்சு ஆகியவற்றாற் புகை மூட்டலாம். புகை தங்கி ஆடுகள் மூச்சுத் திணறாதபடி காற்றோட்டம் இருத்தல் வேண்டும். தீ பரவாதபடி காவலும் வேண்டும். புகை நுளம்பைக் குறைக்குமேயன்றி முற்றாக விலக்காது.

எருவிற்காக நிலத்திற் பட்டியடைக்கும் வழக்கமுள்ள இடங்களில், மாட்டுப்பட்டியும் ஆட்டுப்பட்டியும் அருகருகே அமைதல் தீங்கானது. நுளம்பு மிகுந்த காலத்தில் ஆடுகளை வயற்கரையிற் பட்டியடைப்பதைத் தவிர்த்து, கொட்டிலிற் சேரும் எருவை வண்டியிற் கொண்டு சென்று இடுதல் நன்று.

நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாட்களோ செல்லும். ஆகவே விலங்குகளின் நீர்த்தொட்டிகளையும் கிணற்றடித் தொட்டிகளையும் வாரத்திற்கு ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவினால், அவற்றில் நுளம்பு பெருகாது. சிரட்டை, பழைய தகரம், உடைந்த பானை, பொச்சுக் குவியல் ஆகியவற்றை அகற்றுதல் வேண்டும். மாட்டின் சிறுநீர் தேங்கும் குழிகளை மண்ணிட்டு நிரப்பி, நீர் வடிய வழி செய்தல் வேண்டும். நீரைக் கட்டுப்படுத்தக்கூடிய வயல்களில், பயிருக்குக் கேடு வராத பருவத்தில் நீரை இடையிடையே வற்றவிட்டுப் பாய்ச்சினால் நுளம்புக் குடம்பிகள் மடியும். வாய்க்காலிற் களை அகற்றி நீரை ஓடவிடுதல் பயிருக்கும் நன்று, ஆட்டிற்கும் நன்று.

நோய் அடிக்கடி தோன்றும் ஊர்களில், நுளம்புக் காலம் தொடங்கியதும் ஆடுகளுக்குத் தடுப்பாக மருந்து கொடுப்பதைப்பற்றியும், மாடுகளின் குருதியிலுள்ள நுண்குடம்பிகளைக் குறைப்பதைப்பற்றியும் மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். ஒரு வளவின் நுளம்பு மறுவளவிற்குச் செல்வதாதலின், அயலவர் யாவரும் ஒருங்கே செய்யும் முயற்சியே முழுப்பயன் தரும்.

வீண் அச்சங்கள்

நோயுற்ற ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்கு இந்நோய் நேரே தொற்றுவதில்லை. ஒன்றாக மேய்தலாலோ, ஒரே தொட்டியில் நீரருந்துதலாலோ பரவுவதில்லை. மாட்டின் பாலாலும் இப்புழு பரவுவதில்லை. ஆகவே பசுவை விற்றுவிட வேண்டியதில்லை. ஆயினும் எந்நோயால் விழுந்தது என்று தெரியாத ஆட்டை, வைத்தியர் பார்வையிடுமுன் இறைச்சிக்காக வெட்டுதலும் விற்றலும் கூடாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

மாட்டிற்குத் தீங்கு செய்யாத புழு ஆட்டின் முண்ணாணைச் சிதைக்கின்றது. அதனைக் கொண்டு வருவது நுளம்பு. பசியும் தெளிவும் இருக்கப் பின்கால் மாத்திரம் தடுமாறும் ஆட்டை அன்றே வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும். அது விழும் வரை காத்திருத்தல் ஆகாது. இரவில் மாடு வேறு, ஆடு வேறாகக் கட்டி, ஆட்டுக்கொட்டிலுக்கு வலையிட்டு, தேங்கு நீரை வாரந்தோறும் அகற்றிவரும் கமக்காரர், தம் ஆடுகளைப் பெரும்பாலும் இந்நோயினின்றும் காத்துக்கொள்வர்.